ஆரால் என்பது தேவையில்லை

காலை ஏழு மணி ஐந்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது பத்திரிகையில் இருந்த ஓட்டை.

சனசமூக நிலையத்து வாசிகசாலை மேசையில் அன்றைய பத்திரிகை விரித்துக் கிடந்தது. ஏழாம் பக்கத்தில், மரண அறிவித்தல்களுக்குக் கீழே, தீப்பெட்டியளவு இடத்தைக் காணவில்லை. கிழித்ததல்ல; நாலு பக்கமும் நேராக வெட்டியது. ஓட்டைக்கூடாக ஒன்பதாம் பக்கத்து விளையாட்டுப் போட்டிப் படத்தில் ஓடிக்கொண்டிருந்த யாரோ ஒரு பிள்ளையின் முழங்கால் தெரிந்தது. மேசைக்கு அந்தப் பக்கத்தில் மாஸ்ரர் இருந்தார். அவருடைய கைக்குப் பக்கத்தில் கத்தரிக்கோல் இருந்தது.

"என்ன சேர் இது?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டு ஓட்டையைக் குனிந்து பார்த்தார்.

"வெட்டி எடுக்கப்பட்டிருக்குது," என்றார்.

"ஆராலை?"

"அது தெரியேல்லைத் தம்பி. இனந்தெரியாத நபர்கள் எண்டு போட்டுக்கொள்ளும். உம்மடை பேப்பரிலை கனகாலம் புழங்கின சொல்லுத்தானே."

அந்தப் பத்திரிகையில்தான் நான் வேலை செய்தேன். காணாமற்போன தீப்பெட்டியளவு அறிவித்தலை முதல்நாள் பக்கத்தில் வைத்தவனும் நான்தான். அதில் என்ன இருந்தது என்பதற்கு வரமுன் ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பெயர் எழுதப்போவதில்லை. செய்தவரின் பெயரைச் சொல்லாமல் விடுவது அவருடைய வாழ்நாள் கொள்கை, அதை மதிக்கிறேன். அரியாலையில் அவருக்குப் பெயர் தேவைப்பட்டதும் இல்லை. மாஸ்ரர் என்றால் அவர்தான். அவருடைய பூட்டனார் அமெரிக்க மிசனிடம் படித்தவர். ஆங்கிலமும், ஞாயிறு காலையில் வெள்ளைக் காற்சட்டையும், எதையும் மெதுவான குரலில் சொல்லும் பழக்கமும் அந்த வழியால் வந்தவை. பள்ளிக்கூடத்தில் இளைப்பாறிய பிறகு பின்னேரங்களில் சனசமூக நிலைய மண்டபத்தில் ஆங்கில வகுப்பு எடுத்தார்; நிலையத்துக் கொமிற்றிக்குத் தலைவரும் அவர்தான். இலண்டனில் இருக்கிற புருசனிடம் போவதற்குச் சோதனை பாஸ் பண்ண வேண்டிய புதுப்பெண்கள், கனடாவுக்குப் போகப்போகிறோம் என்று அஞ்சாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் பொடியங்கள், இங்கேயே இருக்கப்போகிற இரண்டு மூன்று பேர் என்று வகுப்பு நிறைந்திருக்கும். சோக்கட்டியைச் சவர்க்காரப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவார். விரலில் தூள் படாமல் சோக்கட்டியைக் கடதாசியில் சுற்றிப் பிடிப்பார். கரும்பலகையில் எழுதியது ஆர் என்பதற்குக்கூடத் தடயம் மிஞ்சாது.

அவர் மிகவும் விரும்பிப் படிப்பித்த பாடம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் சில வினைச்சொற்களுக்குப் பின்னால் ஒரு சின்னச்சொல் ஒட்டிக்கொண்டு வரும். 'லுக்' என்றால் பார்; 'லுக் ஆஃப்டர்' என்றால் பராமரி. 'புட்' என்றால் வை. 'புட் ஓஃப்' என்றால் பிற்போடு. இப்படியான வினையைச் செயப்பாட்டு வாக்கியமாக மாற்றும்போது சின்னச்சொல்லை எங்கே வைப்பது என்று பிள்ளைகள் தடுமாறுவார்கள். அதற்கு அவர் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

"வாக்கியத்தைத் திருப்பிறது தாச்சியிலை மீனைத் திருப்பிற மாதிரி. தலை அங்காலை போகும், வால் இஞ்சாலை வரும். ஆனால் வால் மீனோடைதான் நிக்கும். 'த சைல்ட் வோஸ் லுக்ட் ஆஃப்டர்' எண்டு முடிக்கவேணும். 'ஆஃப்டரை' விட்டால் பிள்ளையை வளத்த மாதிரி வராது, ஆரோ பாத்துக்கொண்டு நிண்ட மாதிரித்தான் வரும்."

"அப்ப பொரிக்கிற ஆள் எங்கை சேர்?" என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்பான். ஒவ்வொரு வகுப்பிலும் இதைக் கேட்க ஒருவன் இருப்பான்.

"ஆளைப் போடுறதெண்டால் கடைசியிலை 'பை' எண்டு போட்டு, அதுக்குப் பிறகு ஆளைப் போடலாம். போடாமலும் விடலாம். பொரிக்கிறது ஆர் எண்டு மீனுக்குத் தேவையில்லை."

வகுப்பு சிரிக்கும். அவர் சிரிக்கமாட்டார்.

எல்லா வினையும் இப்படித் திரும்பாது என்பதையும் நேர்மையாகச் சொல்லுவார். 'ரன் அவே' என்ற ஓடிப்போதல், 'கம் பக்' என்ற திரும்பி வருதல், 'ஸ்ராண்ட் அப்' என்ற எழும்பி நிற்றல் போன்றவற்றில் ஓடினவன் ஓடினவன்தான், எழும்பினவன் எழும்பினவன்தான். செய்தவன் ஒளிக்க இடமில்லாத வினைகள். அவற்றை வகுப்பு முடியும் நேரத்தில் அவசரமாகச் சொல்லிவிட்டு மணியைப் பார்ப்பார்.

'பை' எப்போது போடுவது, எப்போது விடுவது என்பதற்கு இலக்கணப் புத்தகங்கள் பல காரணம் சொல்லும். மாஸ்ரருக்கு ஒரு காரணம் போதுமாக இருந்தது. நல்லது நடந்தால் போடு; கெட்டது நடந்தால் விடு.

இதில் அவரை மட்டும் குறைசொல்ல முடியாது. மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தாலே தெரியும். நாலு மின்விசிறி, ஒவ்வொன்றின் மூன்று தகட்டிலும் சிவப்பு மையில், 'அன்பளிப்பு: இன்னார் குடும்பம், கனடா'. மின்சாரம் இருக்கும்போது அதை வாசிக்க முடியாது. மின்சாரம் நின்றதும் எல்லோரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அன்பளித்தவரை வாசிப்போம். பிளாஸ்ரிக் கதிரைகளின் முதுகில் பெயர். மணிக்கூட்டில் பெயர். கிணற்றுக் கட்டில் பெயர். நல்லது எதுவும் எங்கள் ஊரில் ஆளில்லாமல் நடந்ததில்லை. அதே மண்டபத்தின் மதில் விழுந்த கதையைப் பாருங்கள்.

திருத்த வேலைக்கு மணல் ஏற்றிய லொறி பின்னுக்கு வந்தது. மாஸ்ரர் பின்னால் நின்று, "வா, வா, வா" என்று கையைக் காட்டினார். லொறி வந்தது, மதில் போனது. ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு அவர் ஆங்கிலத்தில் அனுப்பிய அறிக்கையில் ஒரு வரி: 'மதில் இடித்து வீழ்த்தப்பட்டது.' சாரதி பேசாமல் போகிற ஆள் இல்லை.

"சேர், நீங்கள்தானே வா வா எண்டனீங்கள்?"

"வரச்சொல்லிச் சொல்லப்பட்டது, ஓம். நிப்பாட்டச் சொல்லியும் சொல்லப்பட்டது."

"எப்ப?"

"அது கேக்கப்படேல்லைப் போலை."

சாரதி என்னைப் பார்த்தான். "அண்ணை, இவர் என்ன பாசை கதைக்கிறார்?" என்றான்.

வீட்டிலும் இதே பாசைதான். அங்கே மட்டும் எடுபடவில்லை. அவருடைய மனைவி ஊரில் மருத்துவிச்சியாக வேலைசெய்து இளைப்பாறியவ. எல்லோருக்கும் மிஸி. அரியாலையில் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களில் பாதிப்பேரை உலகத்தில் முதலில் கையில் வாங்கியவ அவதான். "இந்த ஊரிலை ஆர், ஆராலை எண்டு எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தனெண்டால் உங்கடை கொமிற்றி கலைஞ்சுபோம்," என்று மாஸ்ரருக்குத் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே சொல்லுவ.

ஒருநாள் மாஸ்ரர் குருநகருக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வந்தார். மிஸி செவுளைத் திறந்து பார்த்தா.

"இது முந்தநாள் மீன்."

"ஏமாத்தப்பட்டிட்டன்," என்றார் மாஸ்ரர்.

"ஆராலை?"

"அது இப்ப முக்கியமில்லை."

"எனக்கு முக்கியம். குழம்பு வைக்கிறது நான்."

மிஸி மீனைப் பையில் போட்டு, ஓட்டோ பிடித்துக் குருநகருக்குப் போய், விற்ற மனுசியைக் கண்டுபிடித்துச் சண்டை பிடித்து, மாற்றிக்கொண்டு வந்தா. அந்த மனுசி, "ஓம் மிஸி, நான்தான் குடுத்தனான். ஐயா மீனைப் பாக்கேல்லை, வானத்தைப் பாத்தவர்," என்றாளாம். அதை மிஸி எங்கள் ஒழுங்கை முழுக்கச் சொன்னா. மாஸ்ரர் விறாந்தையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "மீன் மாத்தி எடுக்கப்பட்டது," என்று எனக்கு அவர் அறிவித்தார்.

இப்போது அவர் இங்கே இல்லை. மகனோடு ரொறன்ரோவில் இருக்கிறார். போகும்போது, "கூப்பிட்டு எடுக்கப்பட்டிருக்கிறன்," என்றார். மிஸி போகவில்லை. "நான் வரேல்லை எண்டிட்டன்," என்றா.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரச்சினையான காலத்தில், நான் அவரிடம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு காலை எங்கள் பள்ளிக்கூடச் சுவர் முழுக்கச் சுவரொட்டி. முதல்நாள் அவை இல்லை. இராணுவ அதிகாரி ஒருவர் வந்தார். எங்கள் வகுப்புப் பொடியங்களை வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். தமிழ் தெரியாத அந்த அதிகாரிக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஒட்டியது ஆர் என்று மாஸ்ரரிடம் கேட்டார்.

"ஒட்டப்பட்டிருக்கின்றன, சேர்," என்றார் மாஸ்ரர் ஆங்கிலத்தில்.

"ஆரால்?"

"இரவு ஒட்டப்பட்டிருக்கின்றன."

"நான் ஆரால் என்று கேட்டேன்."

"ஓம் சேர். கேட்கப்பட்டது. அவை ஒட்டப்பட்டிருக்கின்றன."

இது வெகுநேரம் நடந்தது. குரல் உயரவில்லை, காற்சட்டை மடிப்பு மட்டும் நடுங்கியதை முதல் வரிசையில் நின்றவர்கள் கண்டோம். ஒரு பெயரும் வராது என்று விளங்கியதும் அதிகாரி சலித்துப்போய், எல்லாவற்றையும் கிழிக்கச் சொல்லிவிட்டுப் போனார். அன்று எங்கள் வகுப்பிலிருந்து ஒருவரும் கொண்டுபோகப்படவில்லை. ஒட்டியது ஆர் என்பது மாஸ்ரருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். அவன் எனக்குப் பக்கத்தில்தான் நின்றான்.

அன்று ஒரு பூட்டுக்குச் சரிவந்த திறப்பை அவர் அதற்குப் பிறகு எல்லாப் பூட்டுக்கும் போட்டுப் பார்த்தார். வெயிலில் ஒருவரும் நிற்காத இடங்களிலும்.

சனசமூக நிலையத்தின் பின்னறையில் ஒரு முன்பள்ளி நடந்தது. ஆசிரியை சுகந்தி. கடலேரியில் இறால் பிடிக்கிறவரின் மகள். தகப்பன் படுத்துவிட்ட பிறகு வீடு அவளுடைய முன்பள்ளிச் சம்பளத்தில் ஓடியது. என்னுடைய வளவுக்கும் அவர்களுடையதுக்கும் நடுவில் ஒரு தகரவேலி. காலையில் அவள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப்போகிற பாட்டு முதலில் எனக்குத்தான் கேட்கும். பின்னேரம் மாஸ்ரரின் ஆங்கில வகுப்பில் முதல் வாங்கில் இருப்பாள். இங்கேயே இருக்கப்போகிற இரண்டு மூன்று பேரில் அவளும் ஒருத்தி.

ரொறன்ரோச் சங்கம் நிலையத்தைப் பெரிதாகத் திருத்தித் தர முன்வந்தது. பின்னறையைக் குளிரூட்டிய கணினி அறையாக்கி, வாசலில் ஒரு கல்லில் தங்கள் தலைவரின் தகப்பனாரின் பெயரைப் பதிக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. அறையில் முன்பள்ளி இருக்கிறது என்பதை மாஸ்ரர் அவர்களுக்கு எழுதவில்லை. 'அறை விரைவில் காலிசெய்யப்படும்' என்று எழுதினார்.

இனி யாராவது காலிசெய்ய வேண்டும். "பிள்ளை, எங்களுக்கு அறை தேவை, நீர் வேறை இடம் பாரும்," என்று ஒரு வாக்கியம் போதும். அதில் 'எங்களுக்கு' என்று ஒரு சொல் வருகிறது. அது அவரால் முடியவில்லை. ஆகவே ஒரு திங்கட்கிழமை பின்னறைக் கதவில் புதுப்பூட்டு தொங்கியது. பூட்டுக்கு மேலே கடதாசி: 'முன்பள்ளி மறு அறிவித்தல்வரை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.' பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலோடு முற்றத்தில் நின்றார்கள். சுகந்தி வாசிகசாலைக்கு ஓடினாள். நான் அங்கே பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சேர், என்ன நடந்தது?"

"ஒரு முறைப்பாடு கொண்டுவரப்பட்டிருக்குது பிள்ளை. ஒரு பிள்ளைக்கு அடிச்சதாக."

"எந்தப் பிள்ளை?"

"அது வெளியிடப்படக் கூடாது."

"ஆர் சொன்னது?"

"அதுகும்."

"சேர், நான் ஒருத்தருக்கும் அடிக்கேல்லை."

"நீர் அடிச்சனீர் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே. அடிக்கப்பட்டது எண்டுதான் சொல்லப்பட்டிருக்குது."

மாஸ்ரர் பொய் சொன்னார் என்று அப்போது நினைக்கவில்லை. பிறகு யோசித்தபோதும் அப்படி எழுத மனம் வரவில்லை. பொய் சொல்லப்பட்டது.

அது ஊருக்குள் கால்வைத்து நடக்கத் தொடங்கியது. சுகந்தி அடுத்த ஊர் முன்பள்ளியில் வேலை கேட்டாள். "அங்கை ஏதோ பிரச்சினையாமே," என்றார்கள். கொடிகாமத்தில் கேட்டாள். அங்கே பிரச்சினை இன்னும் பெரிதாகப் போய்ச் சேர்ந்திருந்தது. பிள்ளைக்குக் கையில் முறிவாம். பிறகு ஒருநாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். அறிவித்தல்கள் வாங்கும் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணை, ஒரு அறிவித்தல் போடவேணும்."

"மறுப்போ?"

"இல்லை. எதை மறுக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை. ஒவ்வொரு பிள்ளையாய் நினைச்சுப் பாத்தனான் அண்ணை," என்றாள். "கிணத்துக் கட்டிலை ஏறினவனை ஒருக்காக் கையிலை பிடிச்சு இழுத்தனான். அதோ தெரியேல்லை. சிலநேரம் அடிச்சுப்போட்டு மறந்துபோனனோ எண்டும் யோசிக்கிறன்."

எங்களிடம் ஒரு விதி இருந்தது. போடுகிறவரின் பெயரும் அடையாள அட்டையும் இல்லாமல் எந்த அறிவித்தலும் பக்கத்துக்குப் போகாது. சுகந்தி அதற்கு யோசிக்கவில்லை. அட்டையை முதலில் வைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கியிருந்தாள். அறிவித்தல் இதுதான்:

'முன்பள்ளியில் உங்கள் பிள்ளைக்கு நான் அடித்ததாக முறைப்பாடு செய்த தாயோ தகப்பனோ தயவுசெய்து என் வீட்டுக்கு ஒருமுறை வரவும். கோபமில்லை. எந்தப் பிள்ளை என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.' கீழே அவளுடைய முழுப்பெயரும் விலாசமும்.

இதைத்தான் மறுநாள் காலை இனந்தெரியாத நபர்கள் வெட்டி எடுத்தார்கள்.

வெட்டாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தொழில்முறையில் தெரியும். ஒன்றும் நடந்திராது. ஏழாம் பக்கத்தின் அடியில் இருக்கிற சின்ன எழுத்தை இழவுக்குப் போகிறவர்கள் தவிர ஒருவரும் வாசிப்பதில்லை. ஆனால் ஓட்டையை எல்லோரும் வாசித்தார்கள். வாசிகசாலைக்கு வந்தவர் ஒவ்வொருவரும் அந்த முழங்காலைப் பார்த்தார், மாஸ்ரரைப் பார்த்தார், கத்தரிக்கோலைப் பார்த்தார், நேரே சந்திக்கடைக்குப் போய் ஒரு பத்திரிகை வாங்கினார். பத்து மணிக்கு முன்னம் கடையில் பத்திரிகை முடிந்துவிட்டது. சந்திக்கடைக்காரர், "ஆர் மாஸ்ரர் செத்தது? சொல்லுங்கோ, நாளைக்கும் கூட எடுத்து வைக்கிறன்," என்று வாசிகசாலைக்கே வந்து கேட்டார்.

பின்னேரம் சுகந்தி வீட்டு ஒழுங்கையில் சைக்கிளும் ஸ்கூட்டியும் நின்றன. தாய்மார், ஒவ்வொருவரின் இடுப்பிலும் கையிலும் முன்பள்ளிப் பிள்ளை. தகரவேலிக்கு மேலால் எல்லாம் கேட்டது.

"ரீச்சர், நான் இல்லை."

"நானும் இல்லை ரீச்சர். என்ரை பிள்ளை வீட்டிலை உங்களைப்போலைக் கதைச்சு எனக்கு ஏச்சுத் தாறான், அடிச்சால் அப்பிடிக் கதைப்பானோ?"

"இந்தா, இவன்தான் மற்றப் பிள்ளையைக் கடிச்சவன். இவனைப் பற்றித்தான் முறைப்பாடோ எண்டு கேக்க வந்தனான். கடிச்சனீயோடா? சொல்லு ரீச்சருக்கு."

"கடிச்சனான்," என்றது ஒரு சின்னக்குரல்.

பெரிய குரல்காரி ஒருத்தி முற்றத்தின் நடுவில் நின்று சொன்னாள்: "எனக்குக் கோபம் எண்டால் உங்கடை வாசலிலை வந்து நிண்டு கத்தியிருப்பன் ரீச்சர். கொமிற்றிக்கு ஏன் போறன்? எனக்கு வாய் இல்லையோ?"

இருட்டுப்பட முன்னம் கடைசித் தாயும் வந்துபோய்விட்டாள். வராத பிள்ளை ஒன்றும் இல்லை. சுகந்தி படியில் இருந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நான் நிற்பது அவளுக்குத் தெரியும்.

"அண்ணை, எல்லாரும் வந்திட்டினம்," என்றாள். "அப்ப ஆர்?"

அந்த ஞாயிறு பொதுக்கூட்டம். ரொறன்ரோவில் காலை, அவர்கள் தொலைக்காட்சித் திரையில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்களில் கோப்பிக் கோப்பையோடு இருந்தார்கள். இந்தப் பக்கத்தில் மின்விசிறிக்குக் கீழே ஊர். வழக்கமாகப் பின்வரிசையில் நாலு கிழவர் இருக்கும் கூட்டம். அன்று தாய்மார் கதிரை போதாமல் சுவரோடு நின்றார்கள். மிஸி கூட்டத்துக்கு வருவதில்லை. அன்று தேத்தண்ணிக் கேத்தலோடு வந்து வாசலடியில் நின்றா.

மாஸ்ரர் எழும்பி, தமிழில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையுமாக வாசித்தார். சத்தமில்லாத, மடிப்புக் கலையாத குரல்.

"முன்பள்ளி தொடர்பாகக் கொண்டுவரப்பட்ட முறைப்பாடு கவனமாக ஆராயப்பட்டது. தற்போது அது வாபஸ் பெறப்பட்டுள்ளது. ஆகவே இந்த விசயம் இத்தோடு முடித்துவைக்கப்படுகிறது. அறையின் தேவை கருதி முன்பள்ளி மூடப்படும். ஆசிரியைக்கு நன்றி தெரிவிக்கப்படுகிறது."

ஒருவரும் செய்யாத முறைப்பாட்டை ஒருவரும் அல்லாதவர் வாபஸ் பெற்றிருந்தார். வேலை என்ற அளவில் அது நேர்த்தியானது. ஒரு தும்பு வெளியில் தெரியவில்லை.

சுகந்தி எழும்பி நின்றாள்.

"வாபஸ் வாங்கினது ஆர் சேர்?"

"பிள்ளை, அது இனித் தேவையில்லாத கதை. உம்மடை பேருக்கு ஒண்டும் இல்லை எண்டு ஆகியிட்டுது தானே."

"இல்லைச் சேர். முறைப்பாடு இருந்தது, பாவம் எண்டு வாபஸ் வாங்கிச்சினம் எண்டுதான் ஊர் சொல்லும். நாளைக்கு நான் எங்கை போய் வேலை கேட்டாலும் அதைத்தான் சொல்லுவினம். எல்லாத் தாய்மாரும் இஞ்சை நிக்கினம். ஒரு ஆளைக் காட்டுங்கோ."

"அப்பிடிக் காட்டிறது வழக்கமில்லை."

திரையிலிருந்து, கொஞ்சம் பிந்தி, ஒரு குரல் வந்தது. "சேர், முன்பள்ளியோ? அந்த அறையிலை முன்பள்ளி இருக்குதோ? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே. ஆர் மூடச் சொன்னது?"

மாஸ்ரர் ரிமோட்டை எடுத்தார். திரையில் வாய்கள் சத்தமில்லாமல் அசைந்தன. "லைன் துண்டிக்கப்பட்டிட்டுது," என்றார்.

மிஸி கேத்தலைத் தரையில் வைத்தா. அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"முறைப்பாட்டை எழுதினது இவர்," என்றா. "எங்கடை சாப்பாட்டு மேசையிலை வைச்சு, பூட்டுப் போட முந்தின வெள்ளிக்கிழமை. நான் குசினியிலை மீன் வெட்டிக்கொண்டு நிண்டனான். எழுதிப்போட்டு, இங்கிலிசு சரியோ எண்டு சத்தமாய் ஒருக்கா வாசிச்சவர். அடிச்ச பிள்ளையும் இல்லை, சொன்ன தாயும் இல்லை. பேப்பரை வெட்டினதும் இவர்தான், வாசிகசாலைக் கத்தரிக்கோலாலை."

பெரிய குரல்காரிதான் முதலில் சிரித்தாள். அது சுவரோடு நின்றவர்கள் எல்லோருக்கும் தொற்றியது. சுகந்தி சிரிக்கவில்லை. அவள் இன்னும் மாஸ்ரரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள், கேள்விக்கு அவர் பதில் சொல்லவேண்டும் என்பதுபோல.

"ஏன் சேர்?" என்றாள். "அறை தேவை எண்டு சொல்லியிருந்தால் நான் வேறை இடம் பாத்திருப்பனே."

அவர் அவளைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கடதாசியை நாலாக மடித்தார். மடித்ததைச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு ஆங்கிலத்தில், வகுப்பில் உதாரணம் சொல்லும் அதே குரலில், "ஐ ஹாவ் பீன் லெட் டவுன்," என்றார். கைவிடப்பட்டுவிட்டேன் என்று அர்த்தம். வால் மீனோடு சரியாக இருந்தது. அதோடு நிறுத்துவார் என்றுதான் நான் நினைத்தேன். வாசலடியைப் பார்த்தார்.

"பை மை ஓன் வைஃப்," என்றார்.

கெட்டதொன்றுக்கு அவர் ஆளைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். மிஸி கேத்தலைத் தூக்கினா.

"ஓம், நான்தான்," என்றா. "தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ."

கூட்டம் அத்தோடு முடிந்தது. எந்தத் தீர்மானமும் நிறைவேறவில்லை. மாஸ்ரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, விளக்கை அணைத்து, வழக்கம்போலக் கடைசி ஆளாக வெளியே வந்தார். திறப்புக்கோர்வை வழக்கம்போல அவருடைய வீட்டுச் சுவர் ஆணிக்குப் போனது.

மறுநாள் காலை ஏழரைக்கு முன்பள்ளிப் பூட்டை மாஸ்ரரின் மனைவி திறந்தா.